வாடகையில் சேராதவள்

சாவிக்கொத்தோடு மூன்று சொற்களையும் கொடுத்தார்
மதாம் கனபாதி. ஊர் வாயில் தேய்ந்துபோன கணபதி.
தண்ணீர்த் தொட்டி, குப்பை எடுக்கும் நாள், பாபூக்.
முதல் இரண்டும் புரிந்தன.
மூன்றாவது, குளியலறைக் கதவின் பின்னால்
என் உள்ளங்கை அகலத்துக்குக்
காலை விரித்து உட்கார்ந்திருந்தது.

காரைக்காலில் இதில் கால்வாசிக்கே
துடைப்பம் எடுத்தவள் நான்.
தொடாதே, என்றார் மதாம்.
இவள் இருந்தால் கரப்பு இருக்காது.
கடையில் குப்பி மருந்து ஏழு யூரோ,
இவள் சும்மா.

வலை கட்டாத சிலந்தி.
ஆனைக்காவில் லிங்கத்துக்குப் பந்தல் போட்ட ஒன்று
மறுபிறவியில் சோழனாகிப் பட்டம் ஏறியதாம்.
இவள் பந்தலும் போடவில்லை,
எந்தப் பட்டத்துக்கும் மனுக் கொடுத்த மாதிரி தெரியவில்லை.
பகலெல்லாம் சுவரில் கறைபோல் கிடப்பாள்.

இரவு இரண்டு மணிக்கு
வடிகால் மூடியின் இடுக்கில்
முதலில் இரண்டு மீசை வரும்,
பிறகுதான் கரப்பு.
நான் விளக்கைப் போடுவதற்குள்
எல்லாம் முடிந்திருக்கும். சத்தமே இல்லை.
காலையில் சோப்புப் பெட்டியருகே
இரண்டு பழுப்பு இறக்கை,
கடைக்காரன் கிழித்து வைத்த ரசீதுபோல.

சாந்தாந்த்ரேயில் கரும்பு எடை எழுதுவது என் வேலை.
கணக்கு விடாது.
ஆகஸ்டில் பதினொன்று, செப்டம்பரில் பதினாறு
என்று நாள்காட்டியில் கோடு போட்டேன்.
கொசுவை மட்டும் அவள் ஏறிட்டும் பார்ப்பதில்லை.
டெங்குவில் ஒன்பது நாள் கிடந்தேன்,
அவள் மேல் சுவரில், நான் கீழே பாயில்.
குறை சொல்ல முடியாது,
கொசு எங்கள் ஒப்பந்தத்தில் இல்லை.

டிசம்பரில் ஒருநாள்
வயிற்றுக்கடியில் வெள்ளை வட்டத்தோடு வந்தாள்.
அம்மன் உண்டியலில் போடத் தயங்கி நிற்கிறவள்
காசை நெஞ்சோடு பிடித்திருப்பாளே, அப்படி.
அன்றோடு வேட்டை நின்றது.
மதாமின் மகன் ஃபப்ரீஸும் தீமிதிக்காகப்
பதினெட்டு நாள் கரேமில் இருந்தான்.
மீன் இல்லை, இறைச்சி இல்லை, ரம் இல்லை.
இரண்டு விரதக்காரர்கள் ஒரே கூரையில்.
கரப்புகளுக்குச் செய்தி எட்டிவிட்டது.

நான்காம் இரவு
என் பல்துலக்கி மேல் ஒன்று நின்று
என்னையே பார்த்தது.
ஏழு யூரோ கொடுத்தேன்.

குப்பியின் மூடியைத் திறந்துகொண்டு
குளியலறை வாசலில் நின்றேன்.
அவள் ஓடவில்லை.
வட்டத்தை இன்னும் கொஞ்சம் இறுக்கினாள், அவ்வளவுதான்.
கதவைச் சாத்தினேன்,
அடியிடுக்கில் ஈரத்துண்டைத் திணித்தேன்,
சமையலறைக்கு மட்டும் அடித்தேன்.
விடிந்ததும் பெருக்கியதில் கரப்பு பதின்மூன்று,
சுண்டுவிரல் நீளத்தில் ஒரு பல்லி.
பல்லியோடும் எனக்கு ஏதோ ஒப்பந்தம் இருந்திருக்கிறது,
செத்த பிறகுதான் தெரிந்தது.

ஃபப்ரீஸ் நெருப்பில் நடந்து திரும்பினான்.
முற்றத்தில் கால் நீட்டி,
வாழையிலையில் கறிச்சோறு தின்றான்.
அவளுக்கு இன்னும் முடியவில்லை.
ஐந்தாம் நாள் போனது, எட்டாம் நாள் போனது.
ஒன்பதாம் நாள் காலை
மேல்கூரையில் யாரோ மிளகைத் தட்டிச் சிந்தியதுபோல்
நூற்றுக்கணக்கில் புள்ளிகள், ஒவ்வொன்றும் நடந்தது.
ஜன்னலைத் திறந்து வைத்தேன்.
எத்தனை அடுத்த வீட்டுக்குப் போயின என்று
என்னைக் கேட்காதீர்கள்.

அவள் வடிகால் பக்கம் இறங்கியிருந்தாள்.
பாதியாய் இளைத்த உடம்பு.
வெறுங்கை, எட்டும்.

மறுநாள் சோப்புப் பெட்டியருகே இரண்டு இறக்கை.
ஜனவரி என்று எழுதி ஒரு கோடு.

குப்பி அலமாரியில் இருக்கிறது,
முக்கால்வாசி அப்படியே.
எறிய மனம் வரவில்லை.
ஏழு யூரோ.