காட்சி அறுபத்தொன்று

கதைப்படி இது வேறு மாநிலத்துக் காடு.
படம் பிடித்தது கீரிப்பாறையில்,
நம்பர் போட்ட ரப்பர் மரங்களுக்கு நடுவில்.
நம்பர் தெரியாமலிருக்க
ஆர்ட் டிபார்ட்மெண்ட் பையன்கள்
விடியுமுன் ஒவ்வொரு மரத்துக்கும் சேறு பூசினார்கள்.

எனக்குப் பெயர் தோழர் செண்பகம்.
பத்தொன்பது வசனம், ஒரு துப்பாக்கி,
டூயட் கிடையாது என்று சொல்லித்தான்
கையெழுத்து வாங்கினார்கள்.
மூன்றே வாரத்தில் பதினாறு வசனம்
நாயகன் வாய்க்குள் போயிற்று.
மிச்சத்தில் ஒன்று "ஓடுங்க".
இன்னொன்று "தண்ணி".
மூன்றாவதில் கூலி என்ற சொல் இருந்தது,
சென்சாருக்கு வேலை வைக்காமல்
இயக்குநரே எடுத்துவிட்டார்.
செண்பகம் எதற்குக் காட்டுக்கு வந்தாள் என்று கேட்டேன்.
அதெல்லாம் இரண்டாம் பாகத்தில் என்றார்.

அன்று எனக்குச் சாவு.
சீனிப்பாகில் சிவப்பைக் கரைத்து நெஞ்சில் ஊற்றினார்கள்.
முதலில் வந்தது கட்டெறும்பு.
கணுக்காலில் ஓர் அட்டை.
பிணம் காலை உதறக்கூடாது.

என்னைக் கண்டு அலற வேண்டியவள் லில்லிபுஷ்பம்.
அதே டிவிஷனில் பால்வெட்டுகிறவள்.
நெற்றி விளக்கு, கத்தி, வாளி
எதுவும் நாங்கள் கொடுத்ததில்லை.
ஐநூறு பேசியிருந்தார்கள்.
இன்றைய வெட்டு போகுமே என்று நின்று
எழுநூறாக்கிக்கொண்டாள்.

ஆக்‌ஷன்.
வந்தாள். பார்த்தாள்.
விளக்கை அணைத்தாள்.
வாளியை ஓசையில்லாமல் தரையில் வைத்து
மேலேறிக் கிடந்த என் சட்டையை
இடுப்புவரை இழுத்துவிட்டாள்.
பிறகு வாளியை எடுத்துக்கொண்டு
மரம் மரமாய் ஒதுங்கி
வந்த வழியே போய்விட்டாள்.

கட்.
மறுபடியும் அப்படியே.
கட்.
ஐந்தாம் தடவை இயக்குநர் ஓடி வந்தார்,
அம்மா, கத்தணும்மா.

"கத்துனா நான் கண்டேன்னு ஆவும்லா சார்.
பொறவு ஆரு ஸ்டேசனுக்கு நடக்கது?"

யூனிட் மொத்தமும் சிரித்தது.
நான் பிணம்.
அவள் விரல் பட்ட இடத்தில்
ரப்பர்ப்பால் காய்ந்து
தோலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது.

வடபழனியில் டப்பிங்.
கருங்கலில் பிறந்த என் நாக்கு
தோழருக்கு ஆகாதாம்.
சேலத்துப் பெண் ஒருத்தி எனக்காகப் பேசினாள்,
நன்றாகத்தான் பேசினாள்.
செருப்பு மாட்டும்போது எஞ்சினியர் கூப்பிட்டார்,
மேடம், அந்த ரப்பர்க்காரிக்கு ஒரு அலறல் வேணும்,
நீங்க அந்தப் பக்கம்தானே.

ஹெட்போனுக்குள் இருட்டு.
திரையில் நான் கிடக்கிறேன்.
குளோசப்பில் லில்லிபுஷ்பம் வாய் திறக்கிறாள்,
எங்கிருந்தோ வெட்டி ஒட்டிய இரண்டு நொடி,
டீக்குக் காத்திருந்தபோது விட்ட கொட்டாவி.
அந்தக் கொட்டாவிக்குள் நுழைந்து
என் பிணத்துக்கு நான் கத்தினேன்.
ஒரே டேக்கில் ஓகே.
படம் முழுக்க என் குரல் அது மட்டும்தான்.

ரிலீசாகி ஒன்பதாம் நாள் போன் வந்தது.
"எனக்கு வச்ச கத்தல் நல்லாத்தான் இருந்து, பிள்ளே.
ஆனா டிவிஷன்ல எல்லாவனும் கேக்கான்,
நீ எப்பம் கண்டே, ஆரக் கண்டேன்னு.
நான் என்னத்தச் சொல்ல?"

எனக்கும் தெரியவில்லை.
மரத்துச் சேற்றைக் கழுவிவிட்டார்களா என்று கேட்டேன்.

"ஆரு களுவ? மள பெஞ்சுது.
நம்பரெல்லாம் தெரியுது."