சிவப்பு நூல் கட்டிய பூண்டு

ஹார்டுவேர் கடையில் கொடுத்த நாட்காட்டி
எங்கோ வடக்கே அச்சானது.
அதில் வளர்பிறை வலப்பக்கம் வெளுக்கிறது.
எங்கள் சிலோயே தீவில் இடப்பக்கம்.
படத்தை விடு, தேதியைப் பார் என்று
ஓர்ஃபெலினா எல்லா நிலாவையும்
பென்சிலால் அடித்து வைத்திருக்கிறாள்.

ஜனவரி. பத்து மணிக்கும் வேலி தெரிகிற கோடை.
வளர்பிறையில் கொத்தமல்லி, லெட்டூஸ்:
மண்ணுக்கு மேலே வருவதெல்லாம்
நிலாவோடு சேர்ந்து ஏறுமாம்.
பௌர்ணமியன்று கத்தரிக்கோல்
ஆணியிலேயே தொங்கட்டும்.
அன்று கடல் வெகுதூரம் பின்வாங்கும்,
பூட்ஸ் மாட்டிக்கொண்டு இறங்கிப்
பாசியை வாரிச் சாக்கில் கட்ட வேண்டியதுதான்;
உருளைக்கிழங்குப் பாத்திக்கு அதுதான் விருந்து.
பூண்டு மட்டும் தேய்பிறையில்.
காயட்டும், உறங்கட்டும்,
குளிர்காலத்தில் முளைவிட்டு மானத்தை வாங்காமல்.

எல்லாம் சரி.
சால்மன் ஆலையில் ஷிஃப்ட் எழுதுகிறவருக்கு
நிலா தெரியாது.
வரப்போகிற தேய்பிறை முழுக்க
எனக்குப் பகலும் மீன், இரவும் மீன்.
நெரேயா பிரசவத்துக்குப் போகிறாள்,
அவள் மேசையும் என் தலையில்.
கையுறைக்குள் விரல் விறைக்க
முள்ளை உருவிக்கொண்டே கணக்குப் போட்டேன்.
ஞாயிறு ஒன்றுதான் மிச்சம்.
அது வளர்பிறையில் பத்தாம் நாள்.
தாள் பாதி பழுத்துவிட்டது.
ரேடியோ மழை என்கிறது.

நான் மண்வெட்டியோடு வருவதைப் பார்த்ததும்
வேலிக்கு அந்தப்பக்கம் ஓர்ஃபெலினா
முகத்தைத் திருப்பிக்கொண்டாள்,
யாரோ குளிக்குமிடத்தில் தெரியாமல் வந்துவிட்டவள்போல.

நூற்றுப் பன்னிரண்டு தலை.
ஒவ்வொன்றும் என் முட்டியளவு.

சரம் பின்னும்போது அவளே வந்து உட்கார்ந்தாள்.
எனக்கு வேகமாகப் பின்ன வராது, அவளுக்கு வரும்.
தன் பூண்டு இன்னும் மண்ணில் இருப்பதைச் சொல்லவில்லை.
பையிலிருந்து சிவப்புக் கம்பளி நூல் எடுத்து
என் சரத்தின் நுனியில் முடிந்தாள்.

இது எதுக்கு என்றேன்.

"என் அடுப்புக்கு மேலேதானே காயப்போகுது?
உன் கூரை ஒழுகுது.
ஜூலையில் எது யாருதுன்னு தெரியணும்."

தெரிந்து என்ன செய்வாள், கேட்கவில்லை.

அன்றிரவே வேலைக்கு.
படகின் கம்பியைப் பிடித்து நின்றேன்.
இடப்பக்கம் வயிறு தள்ளிய நிலா
தண்ணீரில் கூடவே வந்தது.
அதனிடம் மன்னிப்பு கேட்கலாமா என்று யோசித்து
மூக்கைச் சொறிந்தேன்.
மீன் வாசத்தையும் மீறிப்
பூண்டு.