நடுவெளி

கிடினியா ரயிலடிப் பழைய புத்தகக் கடையில்
பொகுமிவா வாங்கும்போதே
முதுகுப் பசை காய்ந்து உதிர்ந்துகொண்டிருந்தது.
இரண்டாம் பாகம். நானூற்றுப் பன்னிரண்டு பக்கம்.
ஒரே பிரதி, கப்பல் தளத்தில் ஐந்து பேர்.
வெல்டர் ஜெமோவித் கத்தியை எடுத்து
ரொட்டியைப் போல ஐந்தாக அறுத்தார்.
வியாழனுக்கு வியாழன் மாற்றிக்கொள்ளலாம்,
யாருக்கு எது முதலில் என்று
சூப் கிண்ணத்தில் போட்ட சீட்டு சொல்லட்டும்.

முதல் பாகத்தில் விண்கப்பல் கிளம்பியது:
கொடி, அழுகை, நெருப்பு.
மூன்றாம் பாகத்தில் போய்ச் சேருமாம்.
அது இன்னும் எழுதப்படவில்லை.
இதிலோ
கிளம்பியதைப் பார்த்தவர் ஒருவரும் உயிரோடில்லை,
சேர்வதைப் பார்க்கப்போகிறவர் ஒருவரும் பிறக்கவில்லை.
முந்நூறு பக்கம் குழாய் பழுதுபார்க்கிறார்கள்.

"ஒன்றுமே நடக்கவில்லை" என்றார் ஜெமோவித்.
"எட்டாம் அத்தியாயத்துப் பற்றவைப்பு
நாலு மாதம் தாங்காது.
எழுதினவன் முகக்கவசம் போட்டதே இல்லை."

பொகுமிவா பளுதூக்கி ஓட்டுகிறவள்.
"அறுபது மீட்டர் உயரத்தில் எட்டு மணி நேரம்
ஒன்றும் நடக்காமல் பார்த்துக்கொள்ளத்தான்
எனக்குச் சம்பளம்" என்றாள்.
"நடந்தால் கீழே நிற்பது நீதான்."

முதலுதவி அறை லுத்விகாவுக்கு வேறு குறை.
இத்தனை தலைமுறையில்
ஒருத்திக்கும் பல்வலி வரவில்லையே!

பகுதியும் விகுதியும் பளிச்சென்று தெரிந்துவிடும்.
இடைநிலையில்தான் நாக்கு தடுக்கும்.
'செல்கிறாள்' என்பதில்
போவதும் முன்னால் இருக்கிறது, அவளும் பின்னால் இருக்கிறாள்.
காலத்தைச் சுமப்பது
நடுவில் மாட்டிக்கொண்ட அந்தச் சின்னத் துண்டு.
அதற்குத் தனியே பொருளில்லை என்று
இலக்கணப் புத்தகமே கைவிரித்துவிட்டது.

பயிற்சிப் பையன் காட்ஸ்பெருக்கு வயது பத்தொன்பது.
சீட்டில் வந்தது இரண்டாம் துண்டு.
அதில்தான் வருகிறாள் இல்னா,
வழிகாட்டி மேசையில் காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டு,
தளபதியின் கணக்கில் தப்பு கண்டுபிடித்தபடி.
அவன் கருத்தெல்லாம் அவள்தான்.
இல்னா கலகம் செய்வாள். இல்னா பாதையைத் திருப்புவாள்.
இல்னா இல்லாமல் மூன்றாம் பாகமே கிடையாது.
ஸ்பூனை ஆட்டி ஆட்டிச் சொன்னான்.

சாயப் பட்டறை ஒதிலியாவுக்கு வந்திருந்தது
ஐந்தாம் துண்டு.
முந்நூற்று எழுபத்தொன்றாம் பக்கம், கீழே,
தண்ணீர்ப் பங்கீட்டைப் பற்றிய நீண்ட வாக்கியத்தின் நடுவே,
இரண்டு வரியில் செத்துப்போகிறாள் இல்னா.
முற்றுப்புள்ளிகூட அவளுக்காக இல்லை.
"எப்படி இருக்கிறது?" என்று பையன் கேட்டபோதெல்லாம்
"பரவாயில்லை" என்றாள் ஒதிலியா,
உப்பைத் தேடுகிறவளைப் போல.

துண்டு கைமாறியது.
பொகுமிவா படித்தாள். லுத்விகா படித்தாள்.
ஜெமோவித்தும் படித்தார்.
கேன்டீனில் குழாயைப் பற்றியே பேச்சு.

ஐந்தாம் வியாழனுக்கு முந்தின நாள்
ஒதிலியா வெல்டிங் கொட்டகைக்குப் போய்
"ஒரு ராத்திரிக்குத் தாருங்கள்" என்றாள்.
எதற்கென்று கேட்கவில்லை அவர்.
காலையில் அந்தப் பக்கத்தின் அடியில்
துருத்தடுப்புச் செம்பூச்சு,
பூரான் அகலத்துக்கு, இரண்டு வரி நீளம்.
"சிந்திவிட்டது."
"சிந்தத்தானே செய்யும்" என்றார் ஜெமோவித்.

அடுத்த வாரம் பையன் தன் தீர்ப்பைச் சொன்னான்:
மூன்றில் இதுதான் உசத்தி.
மூன்றாவது வரவேயில்லையே என்றாள் லுத்விகா.
வந்தாலும் இதுதான்.
கடைசி நாற்பது பக்கம் இல்னாவைப் பற்றிப் பேச்சே இல்லை,
கவனித்தீர்களா? ஒளித்துவைத்திருக்கிறார்கள் அவளை.
ஜெமோவித் சூப்பைக் குடித்தார்.
ஒன்றுமே நடக்காத புத்தகம் என்று
இந்த முறை அவர் சொல்லவில்லை.

துண்டுகளைச் சேர்த்துத் துணிநாடாவால் ஒட்டும்போது
ஒதிலியா அந்தப் பக்கத்தைப் பார்த்தாள்.
செம்பூச்சின் இடது ஓரத்தில்
நகத்தால் சுரண்டிய தடம்.
முதல் சொல் வரைக்கும் போயிருந்தது.
அதற்குமேல் போகவில்லை.