நூற்றுக்கு நான்கு

பெட்டி ஏறியதும் லிஃப்டில் எனக்கு இடமில்லை.
பதினொன்றை அழுத்தி அதைத் தனியே அனுப்பிவிட்டுப்
படியில் ஓடினேன்.
ஏழாம் மாடியில் யாரோ பொத்தானை அழுத்தியிருக்க வேண்டும்.
கதவு திறந்தால் உள்ளே ஆளுயர மரம்,
அதன் நெஞ்சில் கறுப்பாய் ஒரு வாய்.
"அலாமாக்!"
படிக்கட்டு வரை கேட்டது.

செங்காங்கில் நாலறை வீடு.
சின்னப் பெட்டி,
அடிவயிற்றிலிருந்து எழும் கீழ்ச்சுருதி,
சொட்டு மின்சாரத்தில் கூடம் நிறையும் ஒலி:
மூன்றையும் சேர்த்துத் தராது இயற்கை.
இரண்டைக் கேட்டால் மூன்றாவதைக் கொடுத்துவிட வேண்டும்.
நான் கொடுத்தது
சாப்பாட்டு மேசையை.

இந்துமதி விலை கேட்கவில்லை.
தட்டிப் பார்த்து, "உள்ளே எவ்வளவு காலி?" என்றாள்.
இருநூற்றைம்பது லிட்டர்.
"இரண்டு பெட்டி. ஐந்நூறு லிட்டர் காற்று.
வீவக கடன் இன்னும் பதினேழு வருடம் இருக்கிறது,
காற்றைக் குடிவைத்திருக்கிறாய்."
காலி இல்லை இந்து, அது சுருள்வில்,
கூம்பு பின்னால் வரும்போது அழுந்தி
முன்னால் போகும்போது
என்று நான் சொல்லிக்கொண்டிருக்க
அவள் குளிக்கப் போய்விட்டாள்.
மருத்துவமனையில் அந்த மாதம் இரவு முறை.

ஒரு வாட் கொடு,
ஒரு மீட்டர் தள்ளி நின்று கேள்:
தொண்ணூற்றெட்டு டெசிபல்.
கடைகளில் அழகாக நிற்கும் ஒல்லிப் பெட்டிகள்
எண்பத்தைந்திலேயே மூச்சு வாங்கும்.
நடுவே பதின்மூன்றுதானே என்று தோன்றும்.
மூன்று படி ஏற ஒவ்வொரு முறையும்
மின்சாரம் இரட்டிக்க வேண்டும்;
பதின்மூன்றுக்கு இருபது மடங்கு.

"அப்படியானால் உன்னுடையதில்
கரண்ட் எல்லாம் பாட்டாகிவிடுமா?"
நூற்றுக்கு நான்கு.
"மிச்சம்?"
சூடு.
"இந்த ஊருக்கு அதுதான் குறைச்சல்" என்று
மின்விசிறியை ஒரு எண் கூட்டினாள்.
தனக்கு இதெல்லாம் காதில் ஏறாது என்றும் சொன்னாள்.

ஒலிக்குமிழை நான் எட்டு மணிக்கு மேல் திருப்பியதில்லை.
முள் நகர்ந்ததா என்று குனிந்து பார்க்கிற அளவு.
அந்த அளவிலும்
பாடகி மூச்சை இழுப்பது, உதட்டை ஈரமாக்குவது,
எல்லாம் கேட்டது.

ஒரு புதன்கிழமை பத்தாம் மாடி திரு. கோ வந்தார்.
சத்தமா, அங்கிள்?
"சத்தமே இல்லை. மீன்."
கைபேசியில் காட்டினார்:
தொட்டி நீரின் தோல் சிலிர்த்தது, அடங்கியது, சிலிர்த்தது.
கண்ணாடியில் மூக்கை வைத்து
அசையாமல் நின்றது ஒரு சிவப்பு அரோவானா.

நாற்பது ஹெர்ட்ஸில் காது பாதித் தூக்கத்தில் இருக்கும்.
கான்கிரீட் தூங்குவதில்லை.

ஸ்குவாஷ் பந்துகளைப் பாதியாக அறுத்து
பெட்டிகளுக்கு அடியில் கொடுத்தேன்.
சனிக்கிழமை காலை எல்லாவற்றையும் அணைத்துவிட்டுக்
கீழே இறங்கினேன்.
முதலில் சும்மா இருக்கிற நீரைப் பார்க்க வேண்டும்,
பிறகுதான் கணக்கு.
திருமதி கோ பார்லி தண்ணீர் கொடுத்தார்.
மூவரும் தொட்டி முன்னால் உட்கார்ந்தோம்.
நீர் கண்ணாடி மாதிரி கிடந்தது.

எட்டு ஐம்பதுக்கு அது சிலிர்த்தது.

நான் இங்கே இருக்கிறேன்.
ஒரு வட்டம், ஒரு நிறுத்தம், இரண்டு சின்ன வட்டம்.
என்னிடம் இருக்கிற எந்தப் பாட்டுக்கும்
இந்த நடை இல்லை.
பந்துகளையும் மீறி,
எட்டு மணியைத் தாண்டி, பத்தையும் தாண்டி
யாரோ குமிழைத் திருப்பியிருக்கிறார்கள்,
காலணியைக் கூடக் கழற்றாமல் இருக்கலாம்,
சீருடையோடு, தரையில்.

"மேலே யார்?" என்றார் கோ.
மனைவி. வேலை முடிந்து வந்திருக்கிறாள்.
"பிடிக்காது என்றாயே."

சொல் ஒன்றும் கேட்கவில்லை.
மீன் மெதுவாகத் திரும்பி நடுநீருக்கு வந்தது.
நிறுத்தச் சொல்லட்டுமா என்று கேட்டேன்.
அவர் மீனைப் பார்த்தார், பதில் சொல்லவில்லை.
பார்லி இன்னும் கொஞ்சம் கிடைக்குமா என்றேன்.

நீர் அடங்கியது.
பிறகு, முதலிலிருந்து, அதே பாட்டு.