பி நாற்பத்திரண்டு

சால்வீன் நடுவே பெல்ட் அறுந்தது.
இஞ்சின் இரண்டு முறை இருமிவிட்டு அடங்கியது.
எதிர்த்தீவுக்குப் போக வேண்டிய எங்களை
ஒழுக்கு தன் போக்கில் கொண்டுவந்து
மோல்மீன் துறையில் ஒட்டவைத்தது.

"பி நாற்பத்திரண்டு. கேட்டு வாங்கி வாருங்கள்.
நாலு மணிக்குமேல் தீவின் ஓடையில்
தண்ணீர் இருக்காது" என்றார் படகுக்காரர்.

அவர் பெயர் நாய் ஹொங்சா.
மோன் பாஷையில் நாய் என்றால் ஐயா.
தெரியும். ஆனாலும் ரங்கூனில் பிறந்த நாக்கு
வீட்டில் பேசியது தமிழல்லவா,
அவ்வளவு மரியாதை அதற்கு வரவில்லை.
காலையிலிருந்து அக்கோ, அக்கோ என்று
பர்மியத்தில் ஒப்பேற்றிக்கொண்டிருக்கிறேன்.

அறுந்த பெல்ட் ஒரு தோளில்,
குடை மறு கையில்,
ஊர் பார்க்கக் கிளம்பினேன்.

ஸ்ட்ராண்ட் ரோட்டின் முதல் கடையில் கயிறு மட்டும்.
இரண்டாவது கடையில் மதியத் தூக்கம் மட்டும்.
மூன்றாவது கடைக்காரர் பெல்ட்டை முகர்ந்து பார்த்து
மேட்டுப்பக்கம் கை காட்டினார்.

மேட்டுக்குப் போகிற வழியில்
தேக்கு விற்ற வெள்ளைக்காரன் வீடு.
இரும்புக் கிராதியில் ஒரு வருஷம்,
மூன்றா எட்டா தெரியாமல் துரு.
மாடிப்படியில் ஓர் ஆலங்கன்று குடிவந்து
வேர்விட்டுப் பெருத்திருக்கிறது.
வாடகை யார் வாங்குகிறார்களோ.

செங்கல் தேவாலயத்தின் வாசலில்
யாரோ தனக்கா அரைக்கும் கல்லைக்
கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார்கள்.

பகோடாவின் படிக்கட்டில் செருப்பைக் கழற்றினேன்.
"பெல்ட்டையும் கழற்றணுமா?"
காவலுக்கு நின்ற பையன் நிஜமாகவே யோசித்தான்.
"அது உங்கள் மனசைப் பொறுத்தது."

மேலிருந்து பார்த்தால்
ஆறுகள் ஒன்றையொன்று கலக்கிக்கொண்டிருந்தன.
நீளப் பாலம், கைக்குட்டையளவு தீவு,
மசூதி, கூரைத் தகரங்கள், மறுபடி தகரங்கள்.
துறையில் எங்கள் படகு ஒரு பாக்குச்சீவல்.
சீவலின்மேல் குந்தியிருந்த புள்ளி
புகை விட்டுக்கொண்டிருந்தது.
மணி மூன்று.

இறங்கியது வேறு தெரு.
சீனர் கோயிலை ஒட்டிய இடுக்கில்
பெல்ட்டுகள் மாலை மாலையாகத் தொங்கும் கடை.
பலகையில் டாவ் கின் மியா.
நாற்பத்திரண்டு இருந்தது.
பர்மியத்தில் பேரம் பேசினோம், ஈவிரக்கமில்லாமல்.
அவள் கன்னத்துத் தனக்கா
காய்ந்து வெடிக்கிற வரைக்கும் பேசினோம்.
ஒரு சாட் குறையவில்லை.

ஓடி வந்தேன்.
துறையில் படகில்லை, ஆற்றில் இருந்தது.
மனுஷன் பழைய லுங்கியைக் கிழித்து முறுக்கி
பெல்ட்டாக மாட்டி இஞ்சினை எழுப்பிவிட்டார்.
தாங்குமா என்று பார்க்க
நடு ஆற்றில் ஒரு வட்டமடித்துக்கொண்டிருந்தார்.

"அக்கோ!" என்றேன்.
மூட்டை தூக்குகிற பதினைந்து அக்கோக்கள் திரும்பினார்கள்.
அவர் திரும்பவில்லை.

மணி மூன்று ஐம்பது.
கண்ணை மூடிக்கொண்டு அடிவயிற்றிலிருந்து
"நாய்! நாய் ஹொங்சா!"

படகு திரும்பியது.
துறையில் யாரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை,
எல்லாருக்கும் அது ஒரு மனிதரின் பெயர்.
என் முதுகுக்குப் பின்னால் மட்டும்
பொத்திய வாயையும் மீறி ஒரு சிரிப்பு.

டாவ் கின் மியா.
கையில் நான் மறந்துவிட்டு வந்த குடை.

"முதலிலேயே சொல்லியிருக்கலாமே" என்றேன் தமிழில்.
"சொல்லியிருந்தா
வெலய கொறச்சிருக்கணும்" என்றாள்,
இன்னும் சிரித்தபடி.