மூணு சுத்து

கொட்டாம்பட்டி தாண்டி நாலுவழிச் சாலையில்
என் பெட்ரோல் பங்க்.
ஆடிக்காற்று ஆயில் டின்னை உருட்டிய ஒரு ராத்திரி
மூன்று பேர், ஒரு பைக், ஒரு அரிவாள்.
எனக்குப் போனது பதினெட்டாயிரம்.
கல்லாவில் இருந்த பரமேஸ்வரிக்கு
இரண்டு விரல்.

பதினாலு மாதம் கலெக்டர் ஆபீஸ் படியேறினேன்.
"பொம்பளைக்கு எதுக்கும்மா இது?"
கேட்ட கிளார்க்கிடம்
அவள் கையின் போட்டோவை நீட்டினேன்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு
ஃபைலை மேலே அனுப்பினார்.

நாகமலைக்குப் பின்னால் சுடுதளம்.
சொல்லித் தந்த பெனினாவுக்கு இருபத்தாறு வயது,
எனக்கு நாற்பத்தொன்பது.
மூன்று வாரம் தோட்டாவைக் கண்ணில் காட்டவில்லை.

"வாயை அங்கிட்டு வையிங்கக்கா.
எங்கிட்டப் பேசறப்பவும் அங்கிட்டுத்தான்."
நான் திரும்பும்போதெல்லாம் அதுவும் திரும்பியது,
இடுப்புப் பிள்ளை மாதிரி.
"விரல் வெளிய. முடிவு பண்ணின பெறகுதான் உள்ள."
அறை காலியா, பார்.
பார்த்ததை நம்பாதே. பார்.

குறிபார்க்க ஆயுத எழுத்தை நினைச்சுக்கங்க என்றாள்.
மேல்புள்ளி இறங்கி வந்து
கீழ் இரண்டுக்கும் நடுவில் நிற்கணும்.
பள்ளிக்கூடம் விட்டு இத்தனை வருஷத்தில்
அந்த எழுத்தால் எனக்கு ஆன முதல் உபகாரம்.

ஒருநாள் இலக்குப் பலகைகளுக்கு முன்னால்
மயில் ஒன்று நடந்து வந்தது.
"நிறுத்து."
ஆறு துப்பாக்கியும் மேசையில் படுத்தன.
அது அவசரப்படவில்லை.
அன்றைக்குச் சுட்டதெல்லாம் மறந்துபோச்சு,
சுடாமல் நின்ற ஒன்பது நிமிஷம்
இன்னும் கையில் இருக்கிறது.

விரல் வீட்டுக்கும் வந்தது.
மிக்சிப் பொத்தானுக்குப் பக்கத்தில்
நீட்டிப் படுத்துக்கொண்டு யோசிக்கும்.
மகன் சிரிப்பான்.

தேர்தல் அறிவித்தார்கள்.
ஸ்டேஷனில் ஒப்படைக்க எடுத்து எண்ணினேன்.
நோட்டில் இருபத்து நாலு.
மேசைமேல் இருபத்து மூன்று.
பீரோவுக்கடியில், அரிசி டின்னில்,
சாமி படத்துக்குப் பின்னால்.
மகனின் காலேஜ் பையைக் கட்டிலில் கொட்டினேன்.
அவன் சிரிக்கவில்லை.
ஒன்றும் சொல்லாமல்
ஒவ்வொரு பேனாவாக எடுத்து உள்ளே வைத்தான்.

ஆறு மணிக்கு சோலைராசு வந்தான்,
பூவரச மரத்தடியில் இஸ்திரி வண்டி போட்டிருப்பவன்.
பேப்பர்த் துண்டில் மடித்து
திருநீறு மாதிரி நீட்டினான்.
"உங்க பங்க் சட்டைப் பையில கெடந்துச்சுக்கா.
பேனா மூடின்னு நெனச்சு
மேல ஒரு இழுப்பு இழுத்துட்டேன்."

அன்றைக்கு அறையிலிருந்து அதை எடுக்கும்போது
போன் அடித்தது. டீசல் லாரி லேட்டாம்.
பையில் போட்டேன். பட்டனும் போட்டேன்.
மெஷினில் சுழன்று, கொடியில் காய்ந்து,
கங்கு நிறைந்த பெட்டிக்கு அடியில் போய்
திரும்பி வந்திருக்கிறது.
வண்டிக்குக் கீழே சாக்கு விரித்து
மத்தியானத்தில் அவன் மகள் தூங்குவாள்.

அரிவாள் வந்தால் என்று வாங்கினது.
அரிவாள் வரவில்லை.

ஸ்டேஷனில் ரைட்டர் எண்ணினார்.
"இருபத்து நாலு. கரெக்டா இருக்கு மேடம்."
கையெழுத்துப் போட்டேன்.

ஓட்டு எண்ணி, வெடி போட்டு,
ஜெயித்தவர்களின் சுவரொட்டியும் கிழிந்துவிட்டது.
நான் போய் வாங்கவில்லை.
பெனினாவிடம் எல்லாம் சொன்னேன்.
அவள் திட்டவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது.
"மொதல்ல இருந்து வாங்கக்கா."
மறுபடி மூன்று வாரம், தோட்டா இல்லாமல்.

இப்போது எண்ணிக்கைக்கு இரண்டு பேர்.
நான் மேசையில் ஒவ்வொன்றாக நிறுத்த,
எதிரே பரமேஸ்வரி விரல் விடுகிறாள்.
இருக்கிற எட்டு விரல்,
மூணு சுத்து.