பதினாறு வெள்ளை

கயிற்று நுனிக் கவ்வியில் மாட்டி
மூன்றாம் மாடிக்கு இழுத்தேன் பெட்டியை.
நேற்று அதே கயிற்றில் கருவாடு ஏறியது.
பாங்காக்கிலிருந்து மைத்துனன் கொடுத்துவிட்டது:
பியூஃபைட்டர், இரவுச் சண்டை விமானம்,
எழுபத்திரண்டில் ஒரு பங்கு.

இறக்கை முனைக்கு முனை
ஒரு சாணும் ஒரு விரலும்.
எறும்பும் தன் கையால் எண் சாண் என்பார்கள்.
அப்படிப் பார்த்தால் விமானியும் எண் சாண்தான்,
என் கட்டைவிரல் நகமளவு உட்கார்ந்திருக்கிறான்.
மூக்கில்லை. அச்சிலிருந்து வரும்போதே இல்லை.

பகலில் நான் பல் செய்கிறவன்.
பசுண்டாங்கில் மூன்று டாக்டர்களுக்கு
என் அக்ரிலிக் ஈறுகள்தான்.
வெள்ளையில் பதினாறு தெரியும் எனக்கு:
டீக்கடை வெள்ளை,
வெற்றிலை விட்டு ஆறு மாத வெள்ளை,
பொய்யென்று யாருக்கும் தெரியக்கூடாத
அறுபது வயது வெள்ளை.
கறுப்பில் ஒன்றே ஒன்று.

அதைத்தான் அடித்தேன்.

கம்பிரசருக்கு மின்சாரம் வேண்டும்.
இந்த வாரம் எங்கள் தெருவின் முறை
ராத்திரி ஒன்றிலிருந்து ஐந்து.
"மீ லாப்பி!" என்று மாடிக்கு மாடி கத்துவார்கள்,
அடுத்த நொடி
தண்ணீர் மோட்டார், சோற்றுக் குக்கர், இஸ்திரி,
நடுவில் என் சின்னக் கம்பிரசர்
ஆஸ்துமாக்காரன் மாதிரி.

வயிறு, வால், இறக்கையின் அடி.
உலர்ந்ததும் தள்ளி நின்று பார்த்தேன்.
மேசையில் விமானம் இல்லை,
விமான வடிவத்தில் ஓர் ஓட்டை.
தகட்டுக் கோடு, ஆணி வரிசை, சக்கரக் கதவு
எல்லாம் அதற்குள் விழுந்து போயிருந்தன.

இஸ்திரிப் பெட்டியோடு எட்டிப் பார்த்தாள் பொற்கொடி.
"ராத்திரியா இது? தார்."

நாலு மணிக்கே மின்சாரம் போனது.
ஒரு விக்கல், கம்பிரசர் நின்றது.
எதிர்வீட்டு இன்வெர்ட்டரின் பச்சைப் புள்ளி தவிர
வேறு வெளிச்சம் இல்லை.
கண் பழகப் பழக
முதலில் தெரிந்தது விமானம்தான்.
மேசை தெரியவில்லை, என் கை தெரியவில்லை,
அது மட்டும் துருத்திக்கொண்டு நின்றது,
இருட்டைவிடக் கறுப்பாக.
பக்கத்திலேயே கிடந்த எஞ்சின் மூடியை,
பூசாத சாம்பல் பிளாஸ்டிக்கை,
தடவித்தான் கண்டுபிடித்தேன்.

அப்போது வடக்கே ஒரு சத்தம்.
உயரத்தில், அவசரமில்லாமல்.
தெருவில் யாரும் எதுவும் சொல்லவில்லை.
குக்கர் மூடியைக்கூட யாரும் தொடவில்லை.
பொற்கொடி என் தோளைப் பிடித்திருந்தாள்,
சத்தம் போன பிறகும் கொஞ்ச நேரம்.

"இது யாரைச் சுடும்?"
"குண்டு போட வர்றவனை. இருட்டுல தேடிப் போயி."
"ரங்கூனுக்கு வந்துச்சா?"
"பெட்டியில கல்கத்தான்னு போட்டிருக்கு."
"ம்."
ஆறிய சட்டையை இருட்டிலேயே மடித்தாள்.

மறுநாள், பல்லுக்குச் செய்வதைச் செய்தேன்.
பிளாஸ்டிக் துண்டுகளில் பதினொரு கறுப்பு.
ஒரு சொட்டு நீலம், ஒரு சொட்டு செம்பழுப்பு,
ஒன்றில் தவறி விழுந்த ஈறு நிறம்.
மின்சாரம் இல்லாத ஜன்னலில்
ஒவ்வொன்றாகத் தூக்கிப் பிடித்தேன்:
ஈரக் குடை, கரி பிடித்த டேக்சா,
நீர் வற்றிய ஓடைச் சேறு,
பொற்கொடி கட்டுவதில்லை என்று ஒதுக்கிய லோன்ஜி.
ஏழாவதை எடுத்தேன்.
பகலில் பார்த்தால் அது கறுப்பே இல்லை.

தாரைத் தேய்க்க இரண்டு நாள்.
வாலோரம் கொஞ்சம் போகவில்லை, விட்டுவிட்டேன்.
ரேடார்க்காரனின் குமிழை அவள் ஒட்டினாள்,
நகப்பூச்சுத் தூரிகையால்
புகைக்குழாய்க்குப் பின்னால் புகையும் வைத்தாள்,
நான் கேட்டதைவிட அதிகமாக.

ஜன்னல் கட்டையில் வைத்தோம்.
விளக்கு போனதும்
இருவருமே அதைக் காணோம் என்று தேடினோம்.
"நல்லது" என்றாள்.

காலையில் மூக்கு வடக்கே பார்த்திருந்தது.
நான் கிழக்கே வைத்ததாக ஞாபகம்.